நலமான ஒருவர்

மனநலப் பிரிவில் இருந்த மனமானி என்ற கருவி நான்காவது முறையாகச் சண்முகவடிவைத் தோற்கடித்தது.

"இன்று என்ன நாள்?" என்று கேட்டது. பெண் குரல். வானொலியில் மழை நிலவரம் வாசிப்பவரின் குரல்.

"புதன்கிழமை. மணி பத்து நாப்பத்தொண்ணு. இந்நேரம் கிழக்க ஒரு கூட்ஸ் போயிருக்கணும்."

"நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும்."

சண்முகவடிவு மூச்சு விடாமல் கழித்தாள். "மிச்சம் ரெண்டு. அத என்ன செய்ய?"

"தெருவில் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?"

"யாரு போட்டான்னு சுத்திப் பாப்பேன். ஆளக் காணலன்னா தபால் பெட்டில போடுவேன். போட்டுட்டு, உள்ள விழுந்துச்சான்னு கைய விட்டுப் பாப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருக்கலாம். திரையில் நாற்பத்தொன்று என்று வந்தது. அதன் கீழே, 'மிகை விழிப்பு. ஓயாத கவலை. வீடு திரும்பத் தேவையான மதிப்பெண்: அறுபது.'

"சிஸ்டர், நான் என்ன தப்பா சொன்னேன்?" என்றாள் சண்முகவடிவு.

செவிலியர் ஞானசுந்தரி திரையை அணைத்தாள். அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் அவளும் கையை விட்டுப் பார்த்திருப்பாள்.

சண்முகவடிவு ரயில்வேயில் கேட் கீப்பர். பத்தொன்பது வருடம் ஒரே கேட். மூன்று மாதத்துக்கு முன், இறங்கிக்கொண்டிருந்த கேட்டுக்கு அடியில் ஒரு ஆட்டோ புகப் பார்த்தது. உள்ளே ஒன்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவள் ஓடிப் போய் ஆட்டோவை மார்பைக் கொடுத்துப் பின்னால் தள்ளினாள். ரயில் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் ஆனது. தூக்கம் போயிற்று, பிறகு சாப்பாடு, பிறகு பேச்சு. தம்பி கூட்டி வந்து சேர்த்தான்.

இப்போது எல்லாம் திரும்பியிருந்தது. மதிப்பெண் மட்டும் வரவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ரயில்வே டாக்டரிடம் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கேட் வேலைக்கு ஆகாதவள் என்று எழுதி, வேறு ஊரில் பார்சல் ஆபீசுக்கு மாற்றிவிடுவார்கள்.

"பார்சல் ஆபீஸ்ல என்ன சிஸ்டர் இருக்கு? மூட்டை. நான் கண்ணசந்தா மூட்டை செத்தா போகும்?"

ஞானசுந்தரிக்கு இந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். மனமானி வந்து எட்டு மாதம்தான். அதற்கு முன் அவளுடைய கருவி ஒரு ஸ்டூல். கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவாள். தலை வாரியிருக்கிறதா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்களா, கேட்டதற்குப் பதில் வருகிறதா, பேச்சு வேறெங்காவது போகிறதா என்று பார்ப்பாள். சாம்பாரைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி குணம் என்பது அவள் கணக்கு. சண்முகவடிவு இரண்டு வாரமாகச் சாம்பாரை விடவில்லை.

டாக்டர் இளமாறனிடம் போனாள். சென்னைக்காரர், முப்பத்தொரு வயது, அவசரக்காரர். நின்றுகொண்டேதான் டீ குடிப்பார்.

"அந்தம்மா நல்லா இருக்காவ டாக்டர். நீங்க எழுதிக் குடுத்தா என்ன?"

"எழுத முடியாது சிஸ்டர். சான்று மெஷின்லதான் பிரிண்ட் ஆகுது. அரசாணை. நாப்பத்தொண்ணுன்னு அது சொல்லுது."

"எங் கண்ணு நல்லாருக்காவன்னு சொல்லுதே."

"உங்க கண்ணுக்கு சீரியல் நம்பர் இருக்கா?"

ஞானசுந்தரி வெளியே வந்தாள். டாக்டரின் அலமாரியில் இருந்த கேடயத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். 'எட்டு மாதங்களில் நூற்றுப் பன்னிரண்டு பேர் குணம். மீண்டும் சேர்ந்தவர் எவருமில்லை.' மாநிலத்திலேயே முதலிடம். மனமானி வெறுமனே மதிப்பெண் போடும் பெட்டி அல்ல. தினமும் அரை மணி நேரம் ஒவ்வொரு நோயாளியின் காதிலும் பேசும். நலமானவர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி யோசிப்பார்கள் என்று பழக்கும். எல்லோரும் பழகினார்கள். சண்முகவடிவு மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இயர்போனைக் காதிலிருந்து எடுத்து, வெளியே யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். பெயர் உலகம்மாள். வக்கீல் குற்றாலிங்கத்தின் மனைவி. ஒரு வழக்கில் தோற்றுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்ட வக்கீலைத் தைப்பூசத்துக்கு மறுநாள் இங்கே சேர்த்தார்கள். எண்பத்தெட்டு மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போனார். இன்றுவரை யாரும் தாண்டாத மதிப்பெண்.

"சிஸ்டர், எங்க வீட்டாளக் குணமாக்கி அனுப்புனீய. நல்லாருங்க. இப்ப தயவுசெஞ்சு திருப்பி எடுத்துக்கிடுங்க."

"என்ன செய்யுதாவ?"

"ஒண்ணுஞ் செய்யல. அதான்."

"அழுதாவளா?"

"முன்ன அழுதாவ. நானும் பக்கத்துல உக்காந்து அழுவேன். ஒரு துணையா இருந்துச்சு. இப்ப அழவும் மாட்டேங்காவ." உலகம்மாள் முந்தானையை எடுத்து, அழாமல் கீழே விட்டாள். "கோர்ட்ல ஜட்ஜய்யா வாதத்த ஆரம்பிங்கன்னா, 'நடக்கும்போது நடக்கும்'ங்காவ. கட்சிக்காரனுக்கு ஏழு வருஷம் போட்டாச்சு. இவுக அவன் தோளத் தட்டிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துட்டாவ."

"ஐயய்யோ."

"மகளுக்கு மாப்பிள பாத்திருக்கோம். புடிச்சிருக்கான்னு கேட்டேன். 'அவனுக்கென்ன, வருவான் போவான்'ங்காவ. காலைல பீரோவுக்கும் சுவத்துக்கும் ஊடால ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்தா, சாயந்திரந்தான் எந்திரிக்காவ. யாராச்சும் முன்னால போனா, 'மேலயா, கீழயா'ன்னு கேக்காவ."

ஞானசுந்தரி எழுந்துவிட்டாள். "என்னன்னு கேக்காவ?"

"மேலயா, கீழயான்னு. எங்களுக்கு ஓட்டு வீடு சிஸ்டர். மேல காக்காதான் இருக்கு."

அந்த வார்த்தை ஞானசுந்தரியின் காதில் தினமும் விழுவது. உலகம்மாளை உட்காரச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் லிப்ட் இருந்தது. அது நின்று நான்கு வருடம். ஆனால் லிப்ட் ஆபரேட்டர் பதவி நிற்கவில்லை. வெயிலுமுத்து தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, கதவைத் திறந்து, உள்ளே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான்கு மணிக்கு மூடிவிட்டுப் போவார். யாராவது முன்னால் வந்து நின்றால், "மேலயா, கீழயா?" என்று கேட்பார். எது சொன்னாலும் படியைக் காட்டுவார்.

காலில் கட்டுப் போட்ட ஒருவர் அவரிடம் அப்போது கேட்டுக்கொண்டிருந்தார். "இது எப்ப அண்ணாச்சி ஓடும்?"

"ஓடும்போது ஓடும்" என்றார் வெயிலுமுத்து.

ஞானசுந்தரி படியிலேயே உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். தினமும் காலை ஏழரை மணிக்கு மனமானி கண் விழித்ததும், "நலமான ஒருவர் என் முன் அமரவும்" என்று சொல்லும். பணியாளர் ஒருவர் அதன் முன் பதினோரு நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். தினமும் வேறு ஆள். இன்னார் நலமாக இருப்பதை நான் நேரில் பார்த்தேன் என்று ஒரு செவிலியர் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

முதல் நாள் தலைமைச் செவிலியர் அமலோற்பவம் உட்கார்ந்தார். மனமானி எல்லோருக்கும் கேட்கும்படி, "தூக்கம் குறைவு. அடக்கிய கோபம். குடும்பத்துக்கு வந்து சேர்ந்த ஒருவர் மீது" என்றது. அமலோற்பவத்தின் மருமகள் கீழே மருந்தகத்தில் வேலை பார்த்தாள். மாலைக்குள் செய்தி கீழே போய், பதிலும் மேலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் உட்காரவில்லை. ஏழரை மணி என்பது ஊசி போடும் நேரம், கட்டில் மாற்றும் நேரம், ஷிப்ட் மாறும் நேரம். பதினோரு நிமிடம் யாரிடம் இருந்தது? வெயிலுமுத்துவிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டார்கள். மனமானி அவரிடம் ஒரு குறையும் காணவில்லை. மறுநாளும் அவரையே கூப்பிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் தினமும் வேறு பெயர் எழுதினார்கள்.

இருநூற்று நாற்பது நாள். டிக் போட்டதில் எண்பது ஞானசுந்தரியுடையது.

கருவி நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் எடுத்தான்.

"ஒரு சந்தேகம் தம்பி. காலைல ஒரு ஆள உக்கார வைக்கோம்லா. அது எதுக்கு?"

"அது தராசுக்கு எடைக்கல் மாதிரிங்க சிஸ்டர். நலம்னா என்னன்னு மெஷினுக்குத் தானாத் தெரியாதுங்க. உங்க ஊருல நல்லா இருக்கறவங்க எப்படிப் பேசறாங்க, எப்படிச் சிரிக்கறாங்கன்னு பார்த்துக்கும். அதை வெச்சுத்தானுங்க மத்தவங்களை எடை போடும், பழக்கும்."

"ஒரே ஆளு தினமும் உக்காந்தா?"

பையன் சிரித்தான். "அப்படி யாருங்க சிஸ்டர் செய்வாங்க?"

"சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

லிப்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, காலைல அந்த மெஷின்கிட்ட என்ன பேசுவீய?"

"அது கேக்கும். நான் சொல்லுவேன்."

"என்ன கேக்கும்?"

"எப்படி இருக்கீங்கன்னு கேக்கும். இருக்கேன்னு சொல்லுவேன்."

"கவலை உண்டான்னு கேக்குமா?"

"கேக்கும். எதுக்குன்னு நான் கேப்பேன். அதுக்குப் பதில் தெரியாது."

"நெசமாவே உங்களுக்குக் கவலை கிடையாதா அண்ணாச்சி?"

வெயிலுமுத்து யோசித்தார். "லிப்ட் ஓடுன காலத்துல இருந்துச்சு. ஆளோட நடுவுல நின்னுருமோன்னு. அது நின்னுச்சு, இதுவும் நின்னுட்டு."

ஞானசுந்தரி விஷயத்தைச் சொன்னாள். அவர்தான் எடைக்கல் என்றாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் அவரைப் போலவே ஆகி ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நூத்திப் பன்னெண்டு பேரா?"

"ஆமா."

"அத்தன பேருக்கும் ஸ்டூல் கெடைக்குமா?"

நான்கு வருடத்தில் அவர் பட்ட முதல் கவலை அதுவாகத்தான் இருக்கும்.

அன்று மாலை ஞானசுந்தரி பழைய பதிவேட்டை எடுத்துப் பதினான்கு பேருக்குப் போன் செய்தாள். ஒரு மீன் வியாபாரி இப்போதெல்லாம் கூவுவதில்லையாம். வேண்டியவர்கள் வருவார்களாம். ஒரு கல்லூரிப் பெண் பரீட்சைக்குப் போய்ப் பேரை மட்டும் எழுதிவிட்டு வந்திருந்தாள். ஒரு கைக்குழந்தையின் தாய், "அழும், பெறகு நிப்பாட்டும்" என்றாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஞானசுந்தரி பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட வைத்து, அந்த அழுகை நிற்கும்வரை போனை வைக்கவில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று பதினான்கு பேரிடமும் சொன்னாள். பதினான்கு பேரும் சரி என்றார்கள். ஒருவரும் எப்போது என்று கேட்கவில்லை. கேடயம் எப்படிக் கிடைத்தது என்று அவளுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் இளமாறனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயை வைத்துவிட்டார்.

"இருக்காது சிஸ்டர். ஒரு ஆளால இவ்ளோ மாறாது."

"நீங்க உக்காந்து பாருங்க டாக்டர்."

"நானா? எதுக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா. உக்காருங்க."

உட்கார்ந்தார். நான்கு நிமிடத்துக்குள் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். மனமானி கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னார். தெருவில் கிடக்கும் கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், கேள்வியே தவறு என்று வாதாடினார். பதினோராவது நிமிடம் திரையில் இருபத்தொன்பது என்று வந்தது.

"மிகை அவசரம். எதிர்ப்புப் போக்கு. தன் நிலை பற்றிய உணர்வு இல்லை" என்றது மனமானி. "ஆண்கள் பிரிவில் பதினான்காம் கட்டில் ஒதுக்கப்பட்டது."

"எனக்கா?"

"கோபம்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டது.

ஐந்தே நிமிடத்தில் ஆண்கள் பிரிவு உதவியாளர் மாடக்கண்ணு நோயாளிகள் போடும் பச்சைச் சட்டையோடு வந்து நின்றார். "பதினாலு ரெடி டாக்டர். ஆளு எங்க?"

டாக்டர் கதவைச் சாத்தினார். முதல்முறையாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அழிக்கணும். பழசை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்."

"அழிக்கலாம். ஆனா காரணம் எழுதச் சொல்லுது டாக்டர். அது நேரா டைரக்டர் ஆபீசுக்குப் போகும்."

"யார் கையெழுத்துல?"

"எங் கையெழுத்துல."

"சிஸ்டர், பொய்யா டிக் போட்டோம்னு நீங்களே எழுதிக் குடுத்தா சார்ஜ் மெமோ வரும்."

"வரும்போது வரட்டும்" என்றாள் ஞானசுந்தரி.

டாக்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல டாக்டர், பயமாத்தான் இருக்கு. நேத்து தூங்கல. வயித்தால வேற போகுது."

"நல்லது" என்றார் டாக்டர். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை காலை ஏழு இருபத்தைந்து. ஞானசுந்தரி காரணத்தை எழுதினாள். நான்கு வரி. ஒரே ஆளை இருநூற்று நாற்பது நாள் உட்கார வைத்தோம், வேறு பெயர்கள் எழுதினோம், அதில் எண்பது நான் போட்டது, அனுப்பிய நூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பப் பார்க்க வேண்டும். மற்ற செவிலியர்கள் கதவோரம் நின்று படித்தார்கள். அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டார். பொத்தானை அழுத்தியதும் மனமானி எட்டு மாதத்தையும் மறந்தது.

"நலமான ஒருவர் என் முன் அமரவும்."

கதவோரம் காலியானது. ஒருத்திக்கு ஊசி போட வேண்டியிருந்தது, ஒருத்திக்குப் போன் வந்தது. அமலோற்பவம் மருந்தகம் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் சுவரோரம் தள்ளி நின்றார். அவருக்குப் பதினான்காம் கட்டில் இன்னும் நினைவிருந்தது.

வழக்கம்போல வெயிலுமுத்து வந்துவிட்டார். "நான் உக்காரட்டா?"

"வேண்டாம்!" என்று மூன்று திசையிலிருந்து சத்தம் வந்தது. அவர் சரி என்று போனார்.

"சண்முகவடிவு அக்காவ உக்கார வைக்கேன்" என்றாள் ஞானசுந்தரி.

"அவங்க நோயாளி சிஸ்டர்."

"யாரு சொன்னா?"

"மெஷின்."

"அதத்தான் அழிச்சாச்சே."

டாக்டர் கையேட்டைப் புரட்டினார். "பணியாளர்தான் உட்காரணும்னு விதி இருக்கு."

"ரயில்வேயில பணியாளருதானே. எந்த ஆபீசுன்னு விதியில இல்ல. செவிலியர் நேரில் பாத்து, நலம்னு சொல்லணும். அதான் இருக்கு. அத நான் எண்பது தடவ பாக்காமலே சொல்லிருக்கேன். இந்த ஒரு தடவ பாத்துச் சொல்லுதேன்."

சண்முகவடிவைக் கூட்டி வந்தார்கள். ஞானசுந்தரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டாக்டர் வெளியே போகத் திரும்பினார். "இருங்க" என்றாள். "நானே சொல்லிட்டேன்னு பேரு வரக்கூடாது."

சண்முகவடிவு தலை வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள். வீட்டுக்குப் போகும் பை தயாராகக் காலடியில் இருந்தது.

"அக்கா, மெஷினுக்குச் சொல்லுத மாதிரி சொல்லாண்டாம். அந்த ஆட்டோ இன்னும் கண்ணுல வருதா?"

சண்முகவடிவு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வருது. இல்லன்னு சொன்னா பொய். தினமும் ஒரு தடவ வரும். முன்னல்லாம் ரயிலும் சேந்து வரும். இப்ப ஆட்டோ மட்டுந்தான் வருது. அதுல ஒரு சின்னப் பிள்ள வாயில மிட்டாய்."

"வந்தா என்ன செய்வீய?"

"போயிரட்டும்னு ஒரு நிமிசம் இருப்பேன். பெறகு வேலயப் பாப்பேன்."

"தூக்கம்?"

"ஒம்பதுல இருந்து நாலு. எதுத்த கட்டில்காரி கொறட்டை விடலன்னா அஞ்சு."

அடுத்த கேள்வியை ஞானசுந்தரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கேட்காமல் விடக்கூடாத கேள்வி. "உசுர விட்டுரலாம்னு தோணுதா?"

"வந்த புதுசுல ரெண்டு நாள் தோணிச்சு. உங்ககிட்ட சொன்னேன்லா, நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீய." சண்முகவடிவு அவள் கையைத் தொட்டாள். "இப்ப இல்ல. கேட்டோரமா வெண்டை போட்டிருக்கேன். எனக்குப் பதிலு வந்திருக்கவன் தண்ணி ஊத்துதானோ என்னமோ. காய் முத்திப்போயிருக்கும். அதான் எம் மனசு பூரா."

"திரும்ப அந்த மாதிரி ஒரு ஆட்டோ வந்தா?"

"தள்ளுவேன்."

"பெறகு திரும்பவும் இப்படி ஆச்சுன்னா?"

"இங்க வருவேன்." பிறகு யோசித்துச் சொன்னாள். "ஆனா அந்தச் சாம்பார மாத்துங்க."

ஞானசுந்தரி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டத்தில் டிக் போட்டாள். அவளுடைய எண்பத்தோராவது டிக். போடும் முன் பெயரைப் படித்துப் பார்த்திருந்தாள். முந்தைய எண்பதுக்கும் படித்ததில்லை.

சண்முகவடிவு எடைக்கல்லாகப் பதினோரு நிமிடம் உட்கார்ந்தாள். மனமானி கேட்டது, அவள் சொன்னாள். பிறகு எழுந்து, அதே நாற்காலியில் நோயாளியாக உட்கார்ந்தாள். கடிதம் கிடந்தது. சுற்றிலும் பார்த்து, பெட்டியில் போட்டு, கையை விட்டும் பார்த்தாள்.

நூறு என்று வந்தது.

"இது மோசடி இல்லையா சிஸ்டர்?" என்றார் டாக்டர் மெதுவாக. "அவங்களை வெச்சே அவங்களை எடை போட்டிருக்கோம்."

"மோசடிதான். அதனாலதான் நீங்க பாக்க ஸ்டூல்ல உக்காந்து கேட்டேன். அதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க, கிழிச்சிருதேன்."

டாக்டர் நகத்தைக் கடித்தார். எட்டு மாதத்தில் அவர் ஒரு நோயாளியின் பேச்சை முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. "பிரிண்ட் போடுங்க" என்றார்.

சண்முகவடிவு சான்றை வாங்கி இரண்டு முறை படித்தாள். இனிஷியல் சரியா, தேதி சரியா, முத்திரை தெரிகிறதா என்று பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். ஒன்பதே காலுக்கு வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறாமல், அதில் பிரேக் சத்தம் சரியில்லை என்று அடுத்ததில் ஏறிப் போனாள்.

அடுத்த ஒரு வாரம் மனமானி சண்முகவடிவின் கண்ணால் உலகத்தைப் பார்த்தது. வெயிலுமுத்துவுக்கு ஏழு மதிப்பெண் கொடுத்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்குப் 'பொறுப்பில் அக்கறை போதாது' என்றது. அவர் அன்றே லிப்டைப் பழுது பார்க்கக் கோப்பு அனுப்பினார். செவிலியர்கள் இப்போது முறை வைத்து, ஆளுக்கு ஒரு நாள் உட்கார்ந்தார்கள். அமலோற்பவமும் உட்கார்ந்தார். வக்கீல் குற்றாலிங்கம் திரும்ப வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சரியில்லை என்று திட்ட ஆரம்பித்தார். உலகம்மாள் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தாள். சார்ஜ் மெமோவும் வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருந்தது. ஞானசுந்தரி மூன்று வரைவு எழுதிக் கிழித்திருந்தாள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு அவள் உட்கார வேண்டிய முறை. தங்கையின் ஊரிலிருந்து ஆறு மணிப் பஸ்ஸில் வந்தாள். பாதி வழியில் பஸ் நின்றது. ரயில்வே கேட். முன்னால் இரண்டு லாரி, ஒரு டிராக்டர், எண்ணமுடியாத மோட்டார் சைக்கிள்கள். தூரத்தில் ரயிலின் சத்தம்கூட இல்லை.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் கண்டக்டர். "மூணு மாசம் நிம்மதியா இருந்தோம். அந்தம்மா திரும்ப வந்துட்டு. ரயில் அடுத்த ஸ்டேசன்ல மூச்சு விட்டா இங்க கேட்டப் போட்டுரும்."

"அது மென்டல் ஆஸ்பத்திரில இருக்குன்னாவளே" என்றார் முன் சீட்டுக்காரர்.

"குணமாயிட்டுன்னு அனுப்பிட்டாவளாம். நூத்துக்கு நூறாம்."

"எவம்ல அனுப்புனான்?"

"மெஷினு பாத்துச் சொல்லுதாம்."

"மெஷினாம் மெஷினு. எவளாவது ஒருத்தி டிக்கப் போட்டிருப்பா. அவளப் புடிச்சு இந்தக் கேட்டுல நிக்க வைக்கணும்."

ஞானசுந்தரி கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டுக்கு அடியில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துக்கொண்டிருந்த ஒருவனை, நீலச்சேலை கட்டிய ஓர் உருவம் கொடிக்கம்பால் தட்டிப் பின்னால் துரத்திக்கொண்டிருந்தது. "ஏல, ஒனக்குத் தலை ரெண்டு இருக்கா? வீட்ல ஒண்ண வச்சிட்டு வந்தியா?" குரல் உரத்து, தெளிவாக, தொடர்பு விடாமல் வந்தது. கேட்டோரம் வெண்டைச் செடிகள் நின்றன. காயெல்லாம் பறித்தாகிவிட்டது.

ரயில் வந்தது, போனது. கேட் மேலே ஏறியது. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. சண்முகவடிவு பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு, கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் பார்த்து நின்றாள்.

ஞானசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள்.

சண்முகவடிவு பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. வேலை நேரம்.

"சிஸ்டர்! கைய உள்ள வைங்க!"

பஸ் முழுவதும் திரும்பி ஞானசுந்தரியைப் பார்த்தது.